நாய் உட்கார்ந்த விஷயமாக

என் மதிப்புக்கும் பயத்துக்கும் உரிய அக்காவுக்கு உன் தம்பி வணக்கத்துடன் எழுதுவது:

இங்கே நான், என் மனைவி, நாய் ஆகிய மூவரும் ஒருவரை ஒருவர் சகித்துக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறோம். அங்கே நீயும் அத்தானும் பிள்ளையும் எங்களைவிட ஒரு படி கூடுதலாகச் சௌக்கியமாக இருக்க வேண்டும். அத்தானின் ரத்த அழுத்தமும் உங்கள் குளியலறைக் குழாயின் ஒழுகலும் இதற்குள் கட்டுக்குள் வந்திருக்கும் என்று நம்புகிறேன். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே. ஞாயிற்றுக்கிழமைதோறும் நீயும் என் மனைவியும் எனக்குத் தெரியாமல் போனில் பேசிக்கொள்வது எனக்குத் தெரியும். நீங்கள் நிம்மதியாகப் பேசட்டும் என்றுதான் அந்த ஒரு மணி நேரமும் நான் பால்கனியில் நின்று செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கிறேன். இதுவரை இரண்டு ரோஜாச் செடிகள் வேர் அழுகிச் செத்துவிட்டன.

உறையின் மேலிருக்கும் எழுத்து என்னுடையது இல்லை, என் மனைவியுடையது. இந்த ஏமாற்று வேலைக்கு மன்னிக்க வேண்டும். ஆறு வருடத்தில் நான் எழுதிய பத்துக் கடிதங்களையும் நீ பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிட்டாய். ஒன்பதாவதின் மேல் ‘இப்படி ஒரு தம்பி எனக்கு இல்லை’ என்று சிவப்பு மையில் வேறு எழுதியிருந்தாய். தபால்காரர் அதை என் கையில் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்காமல், துக்க வீட்டுக்கு வந்தவர் மாதிரி தலையைக் குனிந்துகொண்டார். ஆகவே இந்தப் பதினோராவது கடிதத்துக்கு வேறு வழி தெரியவில்லை. பிரித்துவிட்டாய், இனி கிழிக்காதே. விஷயம் உன் பிள்ளையைப் பற்றியது. அவன் மேல் நான் போட்ட வழக்கை, இருந்த சுவடே தெரியாமல் பதிவேட்டிலிருந்து எடுத்துவிட இப்போது வழி வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை கடைசி நாள். மனுவில் அவன் மூன்று இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ஆம்புலன்ஸ் ஓட்டுநர் தேர்வில் அவன் நாலு தடவை முதலாவதாக வந்ததும், நாலு தடவையும் ‘உங்கள் மேல் குற்ற வழக்கு ஏதேனும் உண்டா’ என்ற கேள்வியில் வெளியே அனுப்பப்பட்டதும், இப்போது காய்கறி லாரியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருப்பதும் எனக்குத் தெரியும். எங்கள் பால்கனிக் கதவு அவ்வளவு கனமில்லை, அக்கா.

நேராக இந்த இடத்துக்கு வந்தால் நீ நம்ப மாட்டாய். ஆறு வருடம் விறைப்பாக நின்றவன் இன்றைக்கு எப்படி வளைந்தான் என்று கேட்பாய். அதனால் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்.

முதலில் என் நிலைப்பாட்டைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கஞ்சாவைக் கடையில் விற்கலாம், வயது வந்தவர்கள் வாங்கலாம், வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்ற இந்தப் புதிய சட்டத்துக்கு நான் எதிரானவன். சட்டம் வருவதற்கு முன் கருத்துக் கேட்ட குழுவுக்கு நாலு பக்க மனு எழுதியவன். அதை எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் செயலாளர் உரக்கப் படித்தபோது கைதட்டல் அடங்க இரண்டு நிமிடம் ஆயிற்று. கதவைத் திறந்துவிட்டால் திருடன் குறைவான் என்கிறார்களே, இது என்ன கணக்கு என்று கேட்டிருந்தேன். தனிமனித சுதந்திரம் என்கிறார்கள், ஒருவன் மயங்கிக் கிடந்தால் அவனைத் தூக்கி உட்கார வைப்பது அவன் அம்மாதானே, அவள் சுதந்திரம் என்ன ஆவது என்றும் கேட்டிருந்தேன். இப்போதும் அந்தக் கேள்வி நல்ல கேள்வி என்றுதான் நினைக்கிறேன். குழு என் மனுவைப் பெற்றுக்கொண்டதாக ஓர் அட்டை அனுப்பியது. அடுத்த மாதம் சட்டத்தையும் கொண்டுவந்துவிட்டது.

சட்டம் வந்ததும் முதலில் வேலை போனது கடத்தல்காரர்களுக்கு இல்லை, எங்கள் நாய்க்குத்தான். போதைப்பொருள் மோப்பப் பிரிவில் அதுவும் நானும் ஏழு வருடம் சேர்ந்து வேலை பார்த்தது உனக்குத் தெரியும். அதற்கு நாலு வாசனைகள் பழக்கியிருந்தோம். எந்த வாசனை வந்தாலும் அதற்குத் தெரிந்த பதில் ஒன்றுதான், உட்கார்ந்துவிடும். நாலில் ஒன்று குற்றமில்லை என்றாகிவிட்ட பிறகு, அது எதற்கு உட்கார்ந்தது என்று யாராலும் நீதிமன்றத்தில் சொல்ல முடியாது. பழகியதை மறக்கச் சொல்லவும் முடியாது. ஆகவே நான் ஓய்வுபெற்ற அதே நாளில் அதற்கும் ஓய்வு கொடுத்து என்னோடு அனுப்பிவிட்டார்கள். பிரிவுபசார விழாவில் எனக்கு ஒரு சுவர்க் கடிகாரம், அதற்குக் கேடயம். எங்கள் பிரிவில் நாய்க்கு, அதை நடத்துகிறவனைவிட ஒரு படி மேலான பதவி கொடுப்பது வழக்கம். நாய் மேல் யாராவது கை ஓங்கினால் மேலதிகாரியைத் தாக்கிய குற்றமாகும் என்பதற்காக அந்த ஏற்பாடு. இதைத் தெரியாத்தனமாக வீட்டில் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து என் மனைவி, “உங்க மேலதிகாரி சோபாவுல ஏறிப் படுத்திருக்கார், நீங்க தரையில உட்காருங்க” என்றுதான் பேசுகிறாள்.

ஓய்வுபெற்ற மேலதிகாரியைக் காலையில் நடக்கக் கூட்டிப்போனதில்தான் வினை ஆரம்பித்தது. முதல் நாள் படிக்கட்டில் கீழ்வீட்டுத் தலைமையாசிரியை அம்மா எதிரே வந்தார். என் மனைவி ஆய்வகப் பொறுப்பில் இருந்த பள்ளிக்கூடத்தை முப்பது வருடம் ஒற்றை விரலில் ஆண்டவர். நாய் அவர் கைப்பையை ஒரு தடவை மோந்தது, நேர்த்தியாக உட்கார்ந்தது. நானும் ஏழு வருடப் பழக்கத்தில், யோசிக்காமல், “பையைத் திறங்கம்மா” என்று சொல்லிவிட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் மூன்றாம் வகுப்புக்குப் போய்விட்டேன். இதில் இன்னொரு சங்கடம் உண்டு. உட்கார்ந்த நாய்க்குச் சுருட்டிய துண்டை வாயில் கொடுத்து ‘சபாஷ்’ சொன்னால்தான் அது எழுந்திருக்கும். இல்லையென்றால் சாயங்காலம் வரை அங்கேயே இருக்கும், முப்பத்திரண்டு கிலோவை இழுக்கவும் முடியாது. ஆக, தலைமையாசிரியை முன்னால் நின்று “சபாஷ், சபாஷ்” என்று நான் சொன்னதை மூன்று மாடியும் எட்டிப் பார்த்தது.

இரண்டாம் நாள் லிஃப்ட் வாசலில் சங்கச் செயலாளர். என் மனுவைப் படித்துக் கைதட்டல் வாங்கினாரே, அவர்தான். நாய் அவருடைய சாப்பாட்டுப் பையின் முன்னால் உட்கார்ந்தது. மூன்றாம் நாள் கீழ்த்தளத்துப் பல் டாக்டர் தன் அறை வாசலுக்கு வந்து, “எப்படி இருக்கு பல்லு?” என்று அன்போடு விசாரித்தார். நாய் அவர் கால்மாட்டில் உட்கார்ந்தது. அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்றைக்குப் பிடுங்க வேண்டிய கடைவாய்ப் பல் இன்றுவரை என் வாயில்தான் இருக்கிறது. ஒரு வாரத்துக்குள் நாய் உட்கார்ந்தால் என்ன அர்த்தம் என்று தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. நான் கேட்டைத் தாண்டியதும் எதிர்ப்பக்க நடைபாதையில் திருவிழாக் கூட்டம், என் பக்கத்தில் ஈ காக்கை இல்லை.

சங்கம் அவசரக் கூட்டம் போட்டது. நான் ஏதோ எனக்குப் பாராட்டு என்று நினைத்துச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன். செயலாளர் எழுந்து, “ஒருத்தர் சட்டப்படி என்ன வாங்குறார், எதுக்கு வாங்குறார்ங்கறது அவர் சொந்த விஷயம். அதை ஒரு நாய் நடுரோட்டுல உட்கார்ந்து ஊருக்குச் சொல்றது தனிமனித சுதந்திரத்துல தலையிடறது” என்றார். கைதட்டல் இந்தத் தடவை மூன்று நிமிடம். நான் எழுந்து, “தப்பில்லைன்னா எதுக்கு மறைக்கணும்?” என்று கேட்டேன். தலைமையாசிரியை நிதானமாக, “நீங்க குளிக்கிறது தப்பா? கதவைத் திறந்து வெச்சா குளிக்கிறீங்க?” என்று கேட்டார். முடிவில் நாய் பகல் இரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை மட்டும், பின்பக்கப் படிக்கட்டு வழியாக மட்டும் வெளியே போகலாம் என்று தீர்மானம் போட்டார்கள். நான் எத்தனையோ பேருக்கு அடையாள அணிவகுப்பு நடத்தியவன், பின்பக்கப் படிக்கட்டில் ஒளிந்து இறங்கும்படி ஆகிவிட்டது.

அப்படி ஒரு இரண்டு மணி வெயிலில்தான் எங்கள் பின்வாசல் தெருவில் ‘குடை’யைப் பார்த்தேன். மேம்பாலத்தடியில் பதினேழு வருடம் கஞ்சா விற்றவன். மழை வெயில் பாராமல் கையில் குடை இருக்கும், சரக்கு அதன் மடிப்பில் இருக்கும். நானே அவனை ஏழு தடவை பிடித்திருக்கிறேன். என்னைப் பார்த்து ஓடாமல் அவன் என்னை நோக்கி நடந்து வந்தது அன்றுதான் முதல் தடவை.

“ஐயா, என் பொழப்புல மண்ணைப் போட்டுட்டாங்க. கண்ணாடிக் கதவு வெச்சு, ஏசி போட்டு, ரசீது குடுத்து விக்கிறான். பாலத்தடிக்கு எவன் வருவான்?”

“நல்லதாப் போச்சு” என்றேன்.

“எனக்கும் நல்லதுதாங்க. ஓடி ஓடி முழங்கால் தேஞ்சுபோச்சு. அந்தக் கடையிலயே வேலை கேட்டேன். எனக்குத் தெரியாத சரக்கா? ஆனா மேல வழக்கு இருந்தா சேர்க்க மாட்டாங்களாம். அதை எடுக்க மனு குடுக்கணும். பிடிச்ச அதிகாரி கையெழுத்து வேணுமாம். நீங்கதான் ஏழு தடவை பிடிச்சீங்க.” ஏழு மனுக்களையும் நீட்டினான்.

நான் மூக்குக் கண்ணாடியைப் போட்டு ஒன்றை வாங்கிப் படித்தேன். பழைய சிறு அளவு வழக்குகளை அடியோடு நீக்கும் மனு. கீழே ‘கைது செய்த அதிகாரியின் கையொப்பம்’ என்று ஒரு கோடு. கோட்டைப் பார்த்ததும் எனக்கு ‘குடை’ நினைவு வரவில்லை, அக்கா. உன் பிள்ளை முகம்தான் வந்தது. அந்த நேரம் பார்த்து நாய் ‘குடை’யின் முன்னால் உட்கார்ந்தது. எனக்கு வந்ததே கோபம். “மனுவும் கையில, சரக்கும் கையிலயா?” என்று குடையைப் பிடுங்கி விரித்து ஒவ்வொரு கம்பியாகத் தடவினேன். பையைக் கவிழ்த்தேன், செருப்பைக் கழற்றச் சொன்னேன். ஒரு இலைத் தூள் இல்லை. அவன் நடுவெயிலில் வெறுங்காலோடு நின்று, “ஐயா, சத்தியமா நான் விட்டு எட்டு மாசம் ஆச்சு” என்றான். அவன் கண்ணில் தண்ணீர். ஏழு தடவை பிடித்தபோதும் அழாதவன்.

இதையெல்லாம் என் மனைவி மேலே பால்கனியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் வீட்டுக்குள் நுழைந்ததும், “நாய் உட்காரல. நீங்க உட்கார வெச்சீங்க” என்றாள்.

“என்ன உளர்றே?”

“யார் மேல உங்களுக்குச் சந்தேகமோ, அவங்க பக்கத்துல போனதும் நீங்க மூச்சைப் பிடிக்கிறீங்க, இடது கை கயித்தைச் சுருக்குன்னு இழுக்குது. அது பாவம், ஐயாவுக்கு என்ன வேணுமோ அதைச் செய்யுது.”

நான் சிரித்தேன். ஏழு வருடம், இருநூற்றுச் சொச்சம் கைதுகள், ஒரு கேடயம். நாய்க்கு உறவு கிடையாது, பகை கிடையாது, மூக்கு மட்டும்தான் உண்டு என்று புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பாடம் எடுத்தவன் நான். அவள் கீழே இறங்கித் தலைமையாசிரியை வீட்டுக்குப் போனாள். அந்த அம்மா முழங்கால் வலிக்குக் கஞ்சா எண்ணெய்ச் சொட்டு மருந்து வைத்திருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. திரும்பி வந்து கூடத்தில் ஐந்து தகர டப்பாக்களை வரிசையாக வைத்து மூடினாள். “மூணாவது டப்பாவுல மருந்து இருக்கு. நாயை நடத்திக் கூட்டிட்டு வாங்க” என்றாள். நடத்தினேன். நாய் மூன்றாவது டப்பாவின் முன்னால் கச்சிதமாக உட்கார்ந்தது. “பார்த்தியா?” என்றேன். அவள் ஐந்து டப்பாவையும் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினாள். ஐந்தும் காலி. “மருந்து புட்டி இன்னும் கீழ்வீட்டு அலமாரியிலதான் இருக்கு” என்றாள்.

அக்கா, நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மேலதிகாரி வந்து என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டது.

நீ எதை நினைப்பாய் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் அதைத்தான் நினைத்தேன். பேருந்து நிலையத்தில் உன் பிள்ளை, “மாமா!” என்று கத்திக்கொண்டு என்னிடம் ஓடி வந்த அந்த நாள். நாய் அவன் பையின் முன்னால் உட்கார்ந்தது. பையில் இரண்டு சிட்டிகை இருந்தது, அது உண்மை. ஆனால் அதற்கு முந்தின வாரம்தான் நீ என் வீட்டுக்கு வந்து, பையன் யாரோ நண்பர்களோடு திரிகிறான், எனக்குப் பயமாக இருக்கிறது, நீ கொஞ்சம் பேசிப் பாரேன் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாய். நீ அக்காவாக வந்து தம்பியிடம் சொன்னாய். நான் அதை அதிகாரியாகக் கேட்டு மனதில் வைத்துக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு என் இடது கைதான் இழுத்திருக்கும். நாய்க்கு உறவு கிடையாது என்று உன்னிடம் அவ்வளவு திமிராகச் சொன்னேனே, உறவு இல்லாமல் போனது எனக்கு. “அவன் யாரைடா என்ன பண்ணான்? யாரைக் குத்தினான்? உன் மருமகன்டா!” என்று நீ காவல் நிலைய வாசலில் நின்று கேட்டபோது நான் “சட்டம்” என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னேன். அந்த ஒரு வார்த்தையால் அவன் எட்டு மாதம் உள்ளே இருந்தான். என்னை மன்னித்துவிடு. பத்துக் கடிதத்திலும் நான் காரணம் எழுதினேன், விதி எண் எழுதினேன், இந்த வார்த்தையை மட்டும் எழுதவில்லை. நீ பிரிக்காமல் திருப்பி அனுப்பியதில் உனக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை.

மறுநாளே வீடு வீடாக மன்னிப்புக் கேட்கப் புறப்பட்டேன். செயலாளர் கதவைத் திறந்ததும், “சார், நாய் தப்பா உட்கார்ந்துடுச்சு, தப்பு என் கைமேலதான். என் வீட்டுச் செய்தித்தாளை நீங்கதான் எடுக்கறீங்கன்னு எனக்கு ஒரு சந்தேகம், அதனால இழுத்திருக்கேன்” என்று சொல்லிக் கும்பிட்டேன். அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார். “சார், நாய் சரியாத்தான் உட்கார்ந்துச்சு. ரெண்டு வருஷமாத் தூக்கம் வரலை. சட்டம் வர்றதுக்கு முன்னாடியே வாங்கிட்டுத்தான் இருந்தேன், பாலத்தடியில.” நான் வாயைத் திறக்குமுன், “செய்தித்தாளும் நான்தான் சார்” என்றார். என் மனுவை ஏன் அவ்வளவு ஆவேசமாகப் படித்தார் என்று கேட்டேன். “யாரும் சந்தேகப்படக் கூடாதுன்னுதான்” என்றார். பல் டாக்டரும் அப்படியே ஒப்புக்கொண்டார். நோயாளிகளுக்குத் தருவதில்லை, தனக்கு மட்டும்தான் என்று என் பல்லின் மேல் சத்தியம் செய்தார். மன்னிப்புக் கேட்கப் போன நான் வாக்குமூலம் வாங்கிக்கொண்டு திரும்பினேன். இதில் எங்கே என் கை, எங்கே அதன் மூக்கு என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. தெரியாத ஒன்றை வைத்துக்கொண்டு ஏழு வருடம் ஆட்களை உள்ளே தள்ளியிருக்கிறேன் என்பது மட்டும் தெரிகிறது.

சட்டத்தால் குற்றம் குறைந்ததா என்று நீ கேட்கலாம். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பாலத்தடியில் இப்போது நாலு பெண்கள் பயமில்லாமல் பேருந்துக்கு நிற்கிறார்கள். எங்கள் பிரிவில் இருந்த பாதிப்பேரைத் திருட்டு வழக்குகளுக்கு மாற்றிவிட்டார்கள். அதில் ஒருவன் போன வாரம் என் மனைவியின் சைக்கிளைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தான். காணாமல் போய் மூன்று வருடம். ஒரு சைக்கிளை வைத்துச் சட்டத்துக்கு மார்க் போட முடியாது என்று சொன்னேன். “எனக்கு முடியும்” என்று சொல்லி அவள் ஏறிப் போய்விட்டாள். இன்னொரு பக்கமும் உண்டு, மறைக்க மாட்டேன். மூன்றாம் மாடிப் பொறியாளரின் தம்பி காலையிலேயே இழுத்துவிட்டுப் படிக்கட்டில் சாய்ந்து கிடக்கிறான், வேலையும் போய்விட்டது. அவன் அம்மா அவனைத் தாண்டித்தான் பால் வாங்கப் போகிறாள். பழைய ஆளாக இருந்தால் நான் அவனைப் பிடித்துக் கொடுத்திருப்பேன், மகன் உள்ளேயும் அம்மா வெளியேயும் அழுதிருப்பார்கள், நான் கேடயத்தைத் துடைத்துக்கொண்டிருந்திருப்பேன். இப்போது அந்த அம்மா வக்கீலைத் தேடவில்லை, டாக்டரைத் தேடுகிறாள். எங்கள் பழைய நாய்க் கொட்டகையை வெள்ளையடித்து, இந்தப் பழக்கத்திலிருந்து மீள வருகிறவர்களுக்கு ஆலோசனை நிலையம் ஆக்கியிருக்கிறார்கள். இரண்டு செவ்வாய்க்கிழமை அவனை நானே கூட்டிப்போனேன். முதல் தடவை வாசல் வரை வந்து ஓடிவிட்டான். இரண்டாம் தடவை உள்ளே போய்ப் பதினைந்து நிமிடம் இருந்தான். அடுத்த வாரமும் வருகிறேன் என்று அவனாகச் சொன்னான். அவன் வரும்வரை வெளியே பெஞ்சில் இருந்தபோது, மனதுக்கு இவ்வளவு லேசாக நான் கடைசியாக எப்போது இருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை. அதனால், நான் சட்டத்துக்கு எதிரானவன் என்று மேலே எழுதியதை அடித்துவிடலாமா என்று பேனாவைக் கொண்டுபோனேன், கை வரவில்லை. பாதி எதிரானவன் என்று வைத்துக்கொள்.

‘குடை’யின் ஏழு மனுக்களிலும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். எட்டாவது மனு இந்த உறையில் இருக்கிறது, உன் பிள்ளையுடையது. என் கோட்டில் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அவனுக்கு உரிய மூன்று இடத்திலும் பென்சிலால் புள்ளி வைத்திருக்கிறேன். கூடவே நாலு பக்கத்தில் ஒரு வாக்குமூலமும் வைத்திருக்கிறேன். நாய் உட்கார்ந்ததற்குக் காரணம் அதன் மூக்கு இல்லை, என் இடது கை என்று. இதைக் கொடுத்தால் என் பழைய வழக்குகளையெல்லாம் தோண்டுவார்கள், கேடயத்தைத் திருப்பிக் கேட்பார்கள். கேட்கட்டும். என் மருமகன் ஆம்புலன்ஸ் ஓட்டிக்கொண்டு ஒரு நாள் எங்கள் தெருவில் போனால் எனக்கு அது போதும். இதையெல்லாம் நீயே அக்காவுக்குப் போனில் சொல்லிவிடேன் என்று மனைவியைக் கேட்டேன். “என் வாயால கேட்டா அது என் மன்னிப்பு. நீங்களே எழுதுங்க” என்று பேனாவை எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல். உப்பைக் குறைக்கச் சொல். பிள்ளைக்கு என் ஆசி. அதை வாங்கிக்கொள்ள அவனுக்கு இஷ்டமில்லை என்றால் வற்புறுத்தாதே, அது அவன் சுதந்திரம். நீ மனதார என்னை ஒரு தடவை திட்டினால் அதையே உன் ஆசீர்வாதமாக எடுத்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
நீ இல்லை என்று எழுதினாலும் இருக்கிற,
உன் தம்பி

பி.கு.: அண்ணி, இதை எழுதுவது நான். உறையை ஒட்டச் சொல்லி என்னிடம் கொடுத்துவிட்டு உங்கள் தம்பி குளிக்கப் போயிருக்கிறார், கதவைச் சாத்திக்கொண்டுதான். அவர் வருவதற்குள் சொல்லிவிடுகிறேன். அவர் கை கயிற்றை இழுக்கவே இல்லை. மூன்றாவது டப்பாவின் அடியில் தலைமையாசிரியை அம்மாவின் மருந்தை ஒரு சொட்டு நான் தடவியிருந்தேன். ‘குடை’யின் குடைத்துணியில் பதினேழு வருடச் சரக்கின் வாசனை ஊறிக் கிடக்கிறது, அதைத் துவைத்தாலும் போகாது. நாய் ஒரு நாளும் தப்பாக உட்காரவில்லை, நம் பையன் விஷயத்திலும்தான். ஆனால் நாய் சரி, சட்டம் சரி, தானும் சரி என்று இருக்கிற வரைக்கும் இந்த மனிதருக்கு ‘மன்னித்துவிடு’ என்று எழுத வராது அண்ணி. ஆறு வருடம் பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டேன். ஒவ்வொரு கடிதமும் திரும்பி வந்த அன்றைக்கு அவர் சாப்பிட்டதில்லை. அவருக்குத் தப்பு என்று ஒன்று கையில் வேண்டியிருந்தது, ஒன்றைச் செய்து கொடுத்தேன். எழுதிவிட்டார். அந்த நாலு பக்க வாக்குமூலத்தை உறையிலிருந்து எடுத்துவிட்டேன். மனுவுக்கு வேண்டியது அவருடைய கையெழுத்து ஒன்றுதான், அது இருக்கிறது.

இன்னொன்று. உறையின் மேல் முகவரி எழுதியது நான்தான், ஆனால் இது தபாலில் வரவில்லை. தபாலில் போட்டால் வெள்ளிக்கிழமைக்குள் கிடைக்காது என்று சொல்லி அவரையே பஸ் ஏற்றி அனுப்புகிறேன். கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு ஓடி வந்துவிடலாம் என்று அவர் திட்டம். மூன்று கையெழுத்தும் இல்லாமல் திரும்பி வந்தால் வீட்டுக் கதவு திறக்காது என்று நான் சொல்லியிருக்கிறேன். ஆகவே நீங்கள் இவ்வளவு பக்கத்தையும் படித்து முடிக்கிற இந்த நேரம் வரைக்கும் அவர் உங்கள் வாசலில்தான் நின்றுகொண்டிருக்கிறார். உள்ளே கூப்பிடுங்கள், அண்ணி.